பூப்போட்ட லினன் மேசை விரிப்பு: கோடைக்கு வாங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சாப்பாட்டு மேசைக்கு விரிப்பு என்றால் நம் வீடுகளில் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஷீட்தான். ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், துவைக்கிற வேலை கிடையாது. ஆனால் கத்திரி வெயிலில் அதே ஷீட்டின் மேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்தால், கையை எடுக்கும்போது தோலோடு ஷீட்டும் ஒட்டிக்கொண்டு வரும். அப்போதுதான் பலர் துணி விரிப்பு பற்றி, அதிலும் லினன் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்பதும் அதற்கு நான் சொல்வதும் இங்கே. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நல்லதாக ஒன்று வாங்குங்கள், வாங்கியதை விருந்தாளிக்கென்று பீரோவில் பூட்டாமல் தினமும் போடுங்கள்.

லினன் என்பது பருத்தியில் ஒரு ரகமா?

இல்லை. ஆளிச் செடியின் தண்டில் இருக்கும் நார்தான் லினன். கடையில் வாங்கும் ஆளி விதையும் இதே செடியினம்தான். நாருக்கு வளர்ப்பது உயரமாக, கிளை அதிகம் விடாமல் வளரும் வகை. பிரான்சின் வடபகுதி, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய குளிர்ந்த கடலோரப் பகுதிகள் இதற்குப் பேர்போனவை. செடியை அறுப்பதில்லை, வேரோடு பிடுங்கி வயலிலேயே வாரக்கணக்கில் கிடத்திவிடுவார்கள். பனியும் மழையும் பட்டுத் தண்டு மெல்ல அழுகும்போது நார் தனியாகக் கழன்று வரும். தேங்காய் மட்டையைக் காயலில் ஊறப்போட்டு நார் உரிப்பது போன்ற வேலை. இந்தியாவில் நெய்யும் லினனுக்கும் நார் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தே வருகிறது. பருத்தியைவிட விலை கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெயில் காலத்துக்கு அப்படி என்ன பொருத்தம்?

ஈரத்தை வாங்கிக்கொள்ளும் குணம்தான். சாதாரணக் காற்றில் கிடக்கும்போதே லினன் தன் எடையில் நூற்றுக்கு 12 பங்கு அளவுக்கு ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். பருத்தி எட்டரை பங்கு. பாலியஸ்டர் அரைப் பங்குகூட இல்லை. கையில் வியர்வை இருந்தாலும் லினன் மேல் பிசுபிசுக்காது. பிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வியர்த்து வழியும் வளையத்தையும் துணி உறிஞ்சிவிடும். நனைந்து விட்டாலும் சீக்கிரம் காய்ந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. துணி உறிஞ்சிய தண்ணீர் அடியில் இருக்கும் மரத்துக்கும் போகும். பாலிஷ் போட்ட தேக்கு மேசை என்றால் விரிப்புக்கு அடியில் பழைய கெட்டிப் போர்வை ஒன்றை மேசை அளவுக்கு வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். தட்டு வைக்கும் சத்தமும் குறையும்.

கடைக்காரர் 'லினன்' என்கிறார். நம்பலாமா?

லேபிளைப் பார்க்காமல் நம்பாதீர்கள். மேசைத்துணி, கைத்துண்டு எல்லாவற்றையும் சேர்த்து வியாபாரத்தில் 'டேபிள் லினன்' என்றுதான் சொல்வார்கள். அதில் முக்கால்வாசி பருத்தி. 'லினன் லுக்', 'லினன் ஃபினிஷ்' என்று எழுதியிருந்தால் அது அநேகமாக பாலியஸ்டர். லேபிளில் நூறு சதம் லினன் என்றோ, 55 சதம் லினன் 45 சதம் பருத்தி என்றோ கலவை விவரம் தெளிவாக இருக்க வேண்டும். கலவைத் துணி ஏமாற்று இல்லை. விலை குறைவு, சுருக்கமும் கொஞ்சம் குறைவு. தினப்படி உபயோகத்துக்கு எனக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை.

லேபிள் இல்லையா? துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அசல் லினனில் நூல் ஒரே தடிமனாக இருக்காது. இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தடித்துத் தெரியும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, முறுக்கைப் பிரித்து மெதுவாக இழுங்கள். பருத்தியில் சின்னச் சின்ன இழைகள் பஞ்சு பஞ்சாகப் பிரியும். லினனில் இழைகள் நீளமாக, நேராக, லேசான மினுமினுப்போடு வரும். எரித்துப் பார்க்கும் சோதனை பாதிதான் உதவும்: பருத்தி, லினன் இரண்டுமே காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். ஆக, பிளாஸ்டிக் கலப்பு உண்டா என்பது தெரியும், லினனா பருத்தியா என்பது தெரியாது.

பூ டிசைன் சாயம் போகுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் துணியைத் திருப்பிப் பாருங்கள். பூ பின்பக்கமும் ஓரளவு தெரிந்து, அச்சு இருக்கும் இடமும் இல்லாத இடமும் கைக்கு ஒரே மாதிரி மெத்தென்று இருந்தால் சாயம் நூலுக்குள் இறங்கியிருக்கிறது என்று பொருள். ரியாக்டிவ் சாய அச்சு அப்படி இருக்கும். அந்தச் சாயம் நாரோடு வேதிமுறையில் பிணைந்துகொள்வதால் பல துவைப்பு தாங்கும். பூ இருக்கும் இடம் மட்டும் சற்று விறைப்பாக, மேலே பூசியது போலத் தெரிந்தால் அது பிக்மென்ட் அச்சு. விலை குறைவு. வெயிலை நன்றாகவே தாங்கும், ஆனால் தேய்த்துத் துவைக்கும் இடத்தில் வெளிறிப்போகும்.

அடுத்து, வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, சிவப்பு அல்லது கருநீலப் பூவின் மேல் பத்துப் பதினைந்து தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். லேசாக நிறம் ஒட்டினால் முதல் துவைப்பைத் தனியாகப் போட்டால் போதும். கைக்குட்டையே சிவந்தால் வாங்காதீர்கள்.

எந்த மாதிரிப் பூ, எந்த நிறம் நல்லது?

நம் சாப்பாட்டுக்கு ஏற்றது பொடிப்பூ, நெருக்கமான கொடி, நடுத்தரமான பின்னணி நிறம். வெள்ளைப் பின்னணியில் அங்கொரு பூ இங்கொரு பூ என்றிருப்பது படத்தில் அழகு. ஒரு சொட்டு ரசம் விழுந்தால் கண் பூவை விட்டுவிட்டு அந்தச் சொட்டையே பார்க்கும். வெளிர் நீலத்திலும் மஞ்சள் கறை பளிச்சென்று தெரியும். காவி, மாம்பழ மஞ்சள், இலைப்பச்சை சேர்ந்த அச்சு என்றால் சாம்பார் தடம் பாதி மறைந்துவிடும்.

சின்ன மேசைக்குத் தாமரை அளவுப் பெரிய பூ வேண்டாம். விளிம்பில் மடியும் இடத்தில் பூ பாதியில் அறுந்து தொங்கும்.

பூப்போட்ட மேசைத்துணி எல்லாம் வெள்ளைக்காரர் பழக்கம் இல்லையா?

மேசையில் துணி விரிப்பது அவர்கள் பழக்கம்தான். துணியில் பூப் போடுவது அப்படி இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் மசூலிப்பட்டினம், பழவேற்காடு போன்ற சோழமண்டலக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கையால் பூக்கொடி தீட்டிய பருத்தித் துணி கப்பல் கப்பலாக ஐரோப்பா போனது. கட்டில் விரிப்பாகவும் சுவர்த் திரையாகவும் உடுப்பாகவும் அங்கே அதற்கு ஒரே கிராக்கி. அங்குள்ளவர்களும் துணியில் பூ அச்சடித்துப் பார்த்தார்கள். துவைத்தால் நிறம் போய்விட்டது. நம் ஆட்களின் துணியில் போகவில்லை.

காரணம் வேலைப்பாடு. துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் நனைத்துக் காயவைப்பார்கள். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலால் வரைவார்கள், கருப்புக்கு இரும்பை ஊறவைத்த கரைசல். அப்புறம் சாயவேரில் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடித்து நிற்கும். நீலத்துக்கு, மற்ற இடமெல்லாம் மெழுகு பூசி மறைத்துவிட்டு அவுரியில் முக்கி எடுப்பார்கள். அந்தச் சாயவேர் தமிழகக் கடலோர மணலில் விளையும் சின்னச் செடியின் வேர். இம்பூரல் என்று நாட்டு வைத்தியத்தில் சொல்வதும் அதைத்தான்.

இந்தத் துணியின் போட்டியைத் தாங்காமல் பிரான்ஸ் 1686-இல் இதற்குத் தடை விதித்து, 1759-இல்தான் தளர்த்தியது. இங்கிலாந்திலும் 1700, 1721 என்று இரண்டு சட்டங்கள் வந்தன. பிரான்சில் தடை நீங்கிய மறு ஆண்டே பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள ஜூயி என்ற ஊரில் ஓபர்காம்ஃப் என்பவர் அச்சுத்துணி ஆலை தொடங்கினார். இன்றைக்கு 'ஐரோப்பிய கிளாசிக்' என்று விற்கும் பூங்கொடி டிசைன்களில் பலவற்றுக்கு மூதாதை நம் கரையில் தீட்டியவை. ஆகவே கூச்சப்படாமல் விரியுங்கள்.

என் மேசைக்கு எத்தனை அங்குலத் துணி வேண்டும்?

மேசையை அளந்துகொண்டு, ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு தொங்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். தினப்படிக்கு 6 முதல் 8 அங்குலம் போதும். நாற்காலி இருக்கைக்கும் மேசைப் பரப்புக்கும் இடையே சுமார் 12 அங்குலம்தான் இருக்கும். அதற்கு மேல் தொங்கினால் துணி மடியில் வந்து விழும்.

ஆறு பேர் உட்காரும் மேசை ஐந்தடிக்கு மூன்றடி, அதாவது 60-க்கு 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் எட்டெட்டு அங்குலம் சேர்த்தால் 76-க்கு 52. ஆனால் ரெடிமேடில் சுலபமாகக் கிடைப்பது 60-க்கு 90. அதை இந்த மேசையில் போட்டால் அகலத்தில் 12, நீளத்தில் 15 அங்குலம் தொங்கும். கல்யாண ஹாலுக்குச் சரி, வீட்டுக்கு வேண்டாம்.

அதனால் மீட்டர் கணக்கில் எடுத்துத் தைப்பதுதான் என் சிபாரிசு. லினன் பெரும்பாலும் 58 அங்குலப் பன்னாவில், அதாவது அகலத்தில், வரும். அதில் இரண்டேகால் மீட்டர் எடுத்தால் மேலே சொன்ன மேசைக்கு மடிப்பும் சுருங்கலும் போகச் சரியாக இருக்கும். வெட்டுவதற்கு முன்னால் துணியை ஒருமுறை நனைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள். பதப்படுத்தாத லினன் முதல் துவைப்பில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு சுருங்குவது சாதாரணம். 80 அங்குலத்தில் அது நான்கு அங்குலம். மூலைகளைச் சாய்வாக மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். சும்மா மடித்தடித்தால் நாலு மூலையும் தடித்துக்கொண்டு நிற்கும்.

வட்ட மேசை என்றால் விட்டத்தோடு 16 அங்குலம் கூட்டுங்கள், முடிந்தது.

சாம்பார் கொட்டிவிட்டது. என்ன செய்வது?

பதறி சோப்புக் கட்டியைத் தேய்க்காதீர்கள். மஞ்சளில் நிறம் தருவது குர்குமின் என்ற பொருள். காரத்தன்மை பட்டால் அது சிவக்கும். மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் குங்குமம் கொட்டியது போல ஆவது இதனால்தான். பயப்பட ஒன்றுமில்லை, நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். ஆனால் கறை அப்படியே இருக்கும்.

சரியான வரிசை இது. கரண்டியால் பருப்பையும் காயையும் வழித்தெடுங்கள். துணியைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரை விடுங்கள். கறை வந்த வழியே வெளியேறும். சுடுதண்ணீர் வேண்டாம். எண்ணெய் இருப்பதால் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு விரலால் தடவி, கால் மணி நேரம் வைத்து அலசுங்கள். மிச்சமிருக்கும் மஞ்சளை வெயிலிடம் விட்டுவிடலாம். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. ஈரத்தோடு வெயிலில் போட்டால் ஓரிரண்டு நாளில் கண் முன்னாலேயே மங்கும்.

அதே வெயில் பூவின் நிறத்தையும் தின்னும் என்பதை மறக்கக் கூடாது. துணியை உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, கறை பட்ட இடம் மட்டும் வெயிலில் படும்படி வையுங்கள். மீதியெல்லாம் நிழலில் இருக்கட்டும்.

மற்ற கறைகள்?

காபி, டீ: உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசி, வெள்ளை வினிகர் சில சொட்டு விட்டு, அப்புறம் லிக்விட் சோப்பு. நுங்குத் தோல், மாங்காய்ப் பால், வாழைப்பூ மூன்றும் விழுந்தபோது ஒன்றும் தெரியாது, மறுநாள் பழுப்பாக எழும்பி நிற்கும். இளநீரும் அப்படித்தான், தண்ணீர்தானே என்று விட்டுவிடாதீர்கள். இவற்றுக்கெல்லாம் ஒரே மருந்து, காய்வதற்கு முன்னால் அலசுவது. நெய், எண்ணெய் என்றால் மேலே கடலை மாவோ முகப்பவுடரோ தூவி, உறிஞ்சிய பிறகு தட்டிவிட்டுத் துவையுங்கள். பலாப்பிசினுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் கரைத்து, பிறகு அந்த எண்ணெயை எடுக்க வேண்டும். ஒரு கறைக்கு இரண்டு வேலை. ஆகையால் பலாப்பழம் உரிக்கும் அன்று விரிப்பை எடுத்துவிட்டு செய்தித்தாள் போடுங்கள். ப்ளீச் எதற்கும் வேண்டாம், கறையோடு பூவும் போகும்.

வாஷிங் மெஷினில் போடலாமா?

தாராளமாக. லினன் நனைந்தால் பலம் கூடும் நார், மெஷினுக்கு அஞ்சாது. சாதாரணத் தண்ணீர் அல்லது 30, 40 டிகிரி, டிரம் பாதி மட்டும் நிரப்பி, ஸ்பின்னைக் குறைத்து வையுங்கள். இறுகப் பிழிந்தால் விழும் மடிப்பு இஸ்திரிக்கும் எளிதில் அடங்காது. கையால் பூ வேலை செய்த துணி என்றால் மட்டும் கைத்துவைப்பு.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சோப்பு முழுதாகப் போகாமல் துணி அட்டை மாதிரி விறைக்கும். கடைசி அலசலில் ஒரு கரண்டி வினிகர் சேர்த்தால் சரியாகிவிடும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் தேவையில்லை. அது துணியின் உறிஞ்சும் திறனைக் குறைத்துவிடும். லினன் துவைக்கத் துவைக்கத் தானே மென்மையாகும்.

சுருக்கம் விழுந்துகொண்டே இருக்கிறதே?

விழும். லினன் நாருக்கு வளைந்துகொடுத்துத் திரும்பும் குணம் குறைவு. அதை மாற்ற முடியாது. பாதி ஈரத்தில், பின்பக்கத்திலிருந்து, அதிகச் சூட்டில் இஸ்திரி போட்டால் நன்றாகப் படியும். முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்துச் சுருட்டி அரை மணி நேரம் வைத்துவிட்டுப் போடுங்கள். வேலை மிச்சம் வேண்டுமானால் இன்னொரு வழி இருக்கிறது: கொடியிலிருந்து லேசான ஈரத்தோடு எடுத்து நேராக மேசையில் விரித்து, கையால் நீவி, மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். காலையில் ஓரளவு படிந்திருக்கும். மிச்சச் சுருக்கம் பூ டிசைனில் யார் கண்ணுக்கும் படாது. வெறும் நிறத் துணியைவிடப் பூப்போட்டதை நான் சிபாரிசு செய்ய இதுவும் காரணம்.

விசேஷ நாளுக்கு மொடமொடவென்று வேண்டுமா, சோறு வடித்த கஞ்சியை வடிகட்டி நீர்க்கக் கரைத்து முக்கி எடுங்கள்.

மேசையைத் தவிர வேறு எதற்கு உதவும்?

கோடையில் இது மேசையில் இருக்கும் நேரத்தைவிட மற்ற இடங்களில் இருக்கும் நேரம் கூடினாலும் ஆச்சரியமில்லை. மொட்டை மாடியில் நிலாச்சோறு சாப்பிடும்போது நடுவில் விரித்துப் பாத்திரங்களை வைக்கலாம். ஆனால் சிமென்ட் தரையில் நேராகப் போடாதீர்கள், சொரசொரப்பில் நூல் தேயும். கோரைப்பாய் போட்டு அதன் மேல் விரியுங்கள். காற்றுக்குப் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் மடிப்புக்குள் சின்னப் பை மாதிரி தைத்து, வேண்டும்போது ஒரு ரூபாய் நாணயம் போட்டுக்கொள்ளலாம்.

ரெக்சின் சோபா உள்ள வீடுகளில் மதியத் தூக்கத்துக்கு இதை மேலே போட்டால் முதுகு ஒட்டாது. ஊஞ்சல் பலகைக்கும் அப்படியே. மேற்கு ஜன்னலில் மாலை வெயில் அடிக்கும்போது திரைக்கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கவிடலாம். தினமும் செய்யாதீர்கள், வெளுத்துவிடும். ரயிலில் போகும்போது எடுத்துப்போனால் படுக்கைவிரிப்பு, போர்வை இரண்டுக்கும் ஆகும்.

இரண்டு வேலைக்கு மட்டும் கூடாது. வடாம் பிழிய எடுக்காதீர்கள்: சூடான கூழில் சாயம் இறங்கலாம், நாள் முழுக்க வெயிலில் கிடந்து துணியும் கெடும். அதற்குப் பழைய வெள்ளை வேஷ்டிதான். அதேபோல ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டவும் அச்சுப் போடாத வெள்ளைத் துணியே நல்லது.

சூடான பாத்திரத்தை நேராக வைக்கலாமா?

துணிக்கு ஒன்றும் ஆகாது, மேசை பாலிஷ் வெளுத்துவிடும். பிரிமணை போடுங்கள்.

வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது.

அப்படியானால் தொங்கும் விரிப்பே வேண்டாம். எட்டிப் பிடித்து இழுத்தால் ரசப் பாத்திரம் தலையில் விழும். மேசை அகலத்துக்குள் அடங்கும் நீளத் துண்டு, அதுவும் ஓரம் தொங்காமல். இரண்டு வருடம் பொறுக்கலாம்.

எடுத்து வைக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கஞ்சி போட்டதை அப்படியே வைக்காதீர்கள். துணியைவிடக் கஞ்சிக்கு ஆசைப்பட்டு ராமபாணப் பூச்சி வரும். அலசி, முழுக்கக் காயவைத்து, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் மடியுங்கள். ஒரே மடிப்பில் இஸ்திரி அழுத்தத்தோடு வருடக்கணக்கில் இருந்தால் அந்தக் கோட்டில் நூல் நொறுங்கும். சுருட்டி வைப்பது இன்னும் நல்லது. அந்துருண்டை போட்டால் துணியில் படாமல் மூலையில் வையுங்கள். அந்த வாசனையோடு யாராலும் சாப்பிட முடியாது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை வெளியே எடுத்து உதறுங்கள், இல்லையென்றால் பூஞ்சைப் புள்ளி விழும்.

தமிழ்நாட்டில் எங்கே பார்க்கலாம்?

மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, ஏப்ரன் வகையறாவுக்குக் கரூர்தான். உலகம் முழுக்க ஏற்றுமதி செய்யும் ஊர். நெசவில் பெரும்பகுதி பருத்தி; லினனும் கலவையும் கேட்டால் கிடைக்கும். ஏற்றுமதியில் மிஞ்சியதை விற்கும் கடைகளில் நல்ல சரக்கு மாட்டுவதுண்டு, ஆனால் அளவு வெளிநாட்டு மேசைக்கு உரியது, டேப்போடு போங்கள். வெள்ளையில் பொடிப்பூ வேண்டும் என்றால் ஜெய்ப்பூர் பக்கத்துச் சாங்கானேர் அச்சு அதற்கென்றே பெயர் பெற்றது. அது பெரும்பாலும் பருத்தியில்தான் வரும், பரவாயில்லை, வாங்கலாம்.

புதுமனைப் புகுவிழாவுக்குப் பரிசாகக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். அவர்கள் வீட்டு மேசை சதுரமா வட்டமா, எத்தனை அடி என்று முன்கூட்டியே யாரிடமாவது விசாரித்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் விரிப்பை விட்டுவிட்டு அதே துணியில் ஆறு கைத்துண்டு வாங்குங்கள். எந்த மேசைக்கும் ஆகும்.